ஸ்பீக்கரில் காணாமல் போன சொந்தப் பாட்டுகளைத் திரும்பக் கொண்டுவருவது: சோனோஸ் இருக்கிற யாழ்ப்பாண வீடுகளுக்கு

எனக்குத் தெரிந்த வீடுகளில் இருக்கிற சோனோஸ் ஸ்பீக்கர்கள் (வைஃபை வழியாகப் பாடுபவை) எல்லாம் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் வரும்போது கொண்டுவந்தவை. வந்தவர்களே பொருத்தி, பாட்டுகளையும் இணைத்துத் தந்துவிட்டுப் போவார்கள். பிறகு ஒருநாள் ரவுட்டர் மாறும், அல்லது கணினி மாறும், அல்லது ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் ரேடியோ பாடும், ஸ்ட்ரீமிங் பாடும். நீங்கள் சேர்த்து வைத்த பாட்டுகள் மட்டும் வராது.

எங்கள் வீட்டில் ரவுட்டரும் கணினியும் அடுத்தடுத்து மாறின, லைப்ரரி, அதாவது சொந்தப் பாட்டுகளின் தொகுப்பு, ஸ்பீக்கரில் முழுதாகக் காணாமல் போனது. கேட்ட இடமெல்லாம் "ரீசெட் செய்து பாருங்கோ" என்றார்கள். அது தவறான ஆலோசனை என்று விளங்கவே நாளெடுத்தது. அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம், தட்சணாமூர்த்தியின் தவில், சின்னமணியின் வில்லிசை என்று கசெட்டிலிருந்து மாற்றி வைத்த கோயில் கச்சேரிகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. அந்தப் பதிவுகளை எந்த ஸ்ட்ரீமிங்கிலும் காசு கட்டி எடுக்க முடியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது இருந்தால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். வரிசையை மாற்றினால்தான் சிக்கல் கூடுகிறது.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பாட்டுகள் ஸ்பீக்கருக்குள் இல்லை. அவை கணினியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கின்றன. ஸ்பீக்கரிடம் இருப்பது அந்த இடத்தின் விலாசமும், ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும், பாட்டுகளின் அட்டவணையும் மட்டுமே. லைப்ரரி காணாமல் போனது என்றால் இந்த மூன்றில் ஒன்று பிழையாகிவிட்டது என்று அர்த்தம். உங்கள் பைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

1. ரீசெட் பட்டனில் கை வைக்காதீர்கள்

ஃபேக்டரி ரீசெட் செய்தால் ஸ்பீக்கரில் சேமித்த பிளேலிஸ்ட், பிடித்தவை, அலாரம் எல்லாம் போய்விடும். வீட்டில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் என்றால் அவற்றைத் திரும்ப எடுக்க வழியில்லை. லைப்ரரிப் பிரச்சினைக்கு ரீசெட் மருந்தும் அல்ல, ஏனென்றால் பிழை பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு வெளியேதான் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் பொறுத்துத் திரும்பப் போடுவதில் ஆபத்தில்லை. அதை மட்டும் செய்யலாம்.

வேறொருவர் பாவித்த ஸ்பீக்கரைப் புதிதாகப் பொருத்துகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது பழைய ஆளின் அமைப்பை அழிக்க ரீசெட் தேவைதான். கனடாவிலிருந்து வந்த ஸ்பீக்கர் எங்கள் 230 வோல்ட்டுக்குத் தாங்குமா என்று பலர் கேட்கிறார்கள். அடிப்பக்கத்து லேபலில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் தாங்கும். பிளக் வடிவத்துக்கு அடாப்டர் போதும், டிரான்ஸ்ஃபோமர் வேண்டாம். லேபலைப் பார்க்காமல் மட்டும் பிளக்கில் போடாதீர்கள்.

2. உட்கார முன் சேர்த்து வைக்க வேண்டியவை

• சோனோஸ் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும். பொருத்தித் தந்தவரின் பெயரில்தான் கணக்கு இருக்கும், சில அமைப்புகளை மாற்றும்போது ஆப் அதைக் கேட்கும். உறுதிப்படுத்தும் குறியீடு போனால் அது அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும். டொரன்டோ எங்களைவிடக் கோடையில் ஒன்பதரை மணிநேரம், குளிர்காலத்தில் பத்தரை மணிநேரம் பின்னால். இரவு ஏழு, எட்டு மணிக்குத் தொடங்கினால் அங்கே காலை, ஆள் விழித்திருப்பார்.

• ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபலின் படம். ரவுட்டருக்குள் நுழையும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் இருக்கும். பொருத்த வந்தவர் அதை மாற்றியிருந்தால் உங்கள் இணைய நிறுவனத்தை அழைக்க வேண்டிவரும். இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

• பாட்டுகளின் இரண்டாவது பிரதி. வேறொரு டிஸ்க்கில், தொடங்குவதற்கு முன்னர். இது கட்டாயம்.

3. எஸ்1 ஆ, எஸ்2 ஆ என்று பாருங்கள்

சோனோஸுக்கு எஸ்1, எஸ்2 என்று இரண்டு ஆப்கள் உண்டு. முதல் தலைமுறை பிளே:5, பழைய கனெக்ட், பழைய கனெக்ட்:ஆம்ப் போன்றவை எஸ்1 ஆப்பில் மட்டுமே ஓடும். ஒன், பிளே:1, ஈரா 100 போன்றவை எஸ்2 பக்கம் ஓடக்கூடியவை. நெட்வொர்க்கில் பைல் பகிர்வதற்கு எஸ்எம்பி என்ற முறை இருக்கிறது. எஸ்1 அதன் முதலாம் பதிப்பை மட்டுமே அறியும், எஸ்2 அதற்கு அடுத்த பதிப்புகளைக் கேட்கும். நிறுவனம் 2024 மே 7 அன்று வெளியிட்ட புதிய ஆப்போடு எஸ்எம்பி முதலாம் பதிப்புக்கான ஆதரவு எஸ்2 இல் நின்றுபோனது. கணினியில் சோனோஸ் மென்பொருளே நேரடியாகத் திறந்து கொடுத்த எச்டிடிபி வழியும் அதோடு நின்றது. "நேற்றுவரை வேலை செய்தது, ஒன்றும் மாற்றவில்லை" என்று சொல்கிற பல வீடுகளில் நடந்தது இதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரவுட்டரின் பின்பக்கத்து யுஎஸ்பி துளையில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பாவிப்பவர்கள் கவனியுங்கள். பல ரவுட்டர்கள் அதை முதலாம் பதிப்பில் மட்டுமே பகிர்கின்றன. போனில் அந்த டிஸ்க் திறக்கும், எஸ்2 ஸ்பீக்கரில் திறக்காது. ரவுட்டர் அமைப்பில் எஸ்எம்பி இரண்டு அல்லது மூன்று என்று தெரிவு இல்லையென்றால் அந்த வழியை விட்டுவிடுங்கள். கணினியிலிருந்து பகிர்வதே சுகம்.

4. எல்லாம் ஒரே வலையில் இருக்கிறதா?

எங்கள் பக்கத்து வீடுகளில் சுவர் தடிப்பு. ஹோலில் இருக்கிற ஃபைபர் ரவுட்டரின் வைஃபை பின்னறைக்கு வராததால் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கிப் பூட்டுகிறோம். அந்த இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று புதிய வலை ஒன்றை உருவாக்கிவிடும். கணினி ஒரு வலையில், ஸ்பீக்கர் மற்ற வலையில். இணையம் இரண்டிலும் வரும், ஆனால் ஒன்றையொன்று காணாது.

சோதிப்பது சுலபம். கணினியின் ஐபி எண்ணையும் (வலைக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் விலாச எண்) ஸ்பீக்கரின் ஐபி எண்ணையும் பாருங்கள். ஸ்பீக்கரின் எண் சோனோஸ் ஆப்பில் "எபௌட்" பகுதியில் இருக்கும். கணினி 192.168.1 என்று தொடங்கி ஸ்பீக்கர் 192.168.0 என்று தொடங்கினால் அவை வேறு வேறு வலைகள். இரண்டாவது ரவுட்டரின் அமைப்புக்குள் போய் "ஆக்ஸஸ் பொயின்ட்" முறைக்கு, அதாவது தனி வலை உருவாக்காமல் முதல் ரவுட்டரின் வலையையே நீட்டும் முறைக்கு, மாற்றுங்கள். புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

"கெஸ்ட்" வைஃபையில் ஸ்பீக்கரை விடாதீர்கள். அதில் கருவிகள் ஒன்றோடொன்று பேச அனுமதி இருக்காது.

5. கணினிக்கு மாறாத எண் கொடுங்கள்

கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் புதிதாக எண்களைப் பங்கிடும். நேற்று 20 என்று முடிந்த கணினியின் ஐபி எண் இன்று 23 என்று முடியும், ஸ்பீக்கர் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டருக்குள் "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்ற இடத்தில் கணினிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. மின்வெட்டு வருகிற ஊரில் இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயன் நிலைக்காது. ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

6. கணினியில் ஃபோல்டரைப் பகிர்வது

அதிகமானோர் மாட்டுகிற இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் வைஃபை அமைப்பில் உங்கள் வீட்டு வலையைப் "பிரைவேட்" என்று மாற்றுங்கள். "பப்ளிக்" என்று இருந்தால் விண்டோஸ் பகிர்வைத் தடுத்துவிடும். புதிய ரவுட்டர் வந்ததும் விண்டோஸ் அதைப் புதிய வலையாக எடுத்துப் "பப்ளிக்" ஆக்கிவைப்பதுண்டு.

அடுத்தது, ஸ்பீக்கருக்கென்றே ஒரு தனிப் பயனரை உருவாக்குங்கள். இது ஏன் என்றால், நீங்கள் கணினிக்குள் நுழையும் நான்கு இலக்கப் பின் (PIN) எண் நெட்வொர்க்கில் செல்லாது. ஸ்பீக்கருக்கு உண்மையான கடவுச்சொல் வேண்டும். பின் எண்ணை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு "ஸ்பீக்கர் பழுது" என்று முடிவெடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் "அதர் யூசர்ஸ்", அதில் "ஆட் அக்கவுண்ட்". மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கேட்கும். "அவருடைய விவரம் என்னிடம் இல்லை" என்ற தெரிவை அழுத்தி, அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் தெரிவை எடுங்கள். பயனர் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். கடவுச்சொல்லில் எழுத்தும் இலக்கமும் போதும், விசித்திரக் குறிகள் வேண்டாம்.

இப்போது பாட்டு ஃபோல்டர். அதன் பெயரையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக வையுங்கள். வலது கிளிக், "புரொப்பர்ட்டீஸ்", "ஷேரிங்", "அட்வான்ஸ்ட் ஷேரிங்". பகிரும் பெட்டியில் சரி போட்டு, "பெர்மிஷன்ஸ்" உள்ளே போய்ப் புதிய பயனரைச் சேர்த்து "ரீட்" மட்டும் கொடுங்கள். ஸ்பீக்கருக்குப் பாட்டை வாசிக்க மட்டும் தெரிந்தால் போதும், அழிக்கும் உரிமை எதற்கு?

இத்தோடு முடியவில்லை. பக்கத்திலேயே "செக்யூரிட்டி" என்ற தாள் இருக்கிறது. அங்கேயும் அதே பயனரைச் சேர்த்து வாசிக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் அனுமதி இருந்தால்தான் கதவு திறக்கும். வெளி ஹார்ட் டிஸ்க் எக்ஸ்ஃபாட் என்ற ஃபார்மட் முறையில் இருந்தால் "செக்யூரிட்டி" தாளே இருக்காது. பயப்பட வேண்டாம், அப்போது முதல் அனுமதி மட்டும் போதும்.

மேக் வைத்திருப்பவர்கள் "ஃபைல் ஷேரிங்" திறந்து, "ஆப்ஷன்ஸ்" உள்ளே விண்டோஸ் பகிர்வுக்குக் கீழே பயனர் பெயருக்கு எதிரே சரி போட வேண்டும். அதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் திறக்காது.

கடைசியாக, கணினி தூங்கக்கூடாது. பவர் செட்டிங்ஸில் "ஸ்லீப்" என்பதை "நெவர்" ஆக்குங்கள்.

7. ஸ்பீக்கரிடம் சொல்ல முன் போனிடம் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். ஐபோனில் "ஃபைல்ஸ்" ஆப்பில் "கனெக்ட் டு சர்வர்" இருக்கிறது. ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் ஃபோல்டர் திறக்கிற ஃபைல் மேனேஜர் எதுவும் போதும். கணினியின் ஐபி எண்ணையும் புதிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து ஒரு பாட்டைத் திறந்து பாருங்கள். போனில் திறக்காதது ஸ்பீக்கரிலும் திறக்காது. ஆறாம் படிக்குத் திரும்புங்கள். போனில் திறந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

8. லைப்ரரியைச் சேர்ப்பது

கணினியில் இயங்கும் சோனோஸ் மென்பொருளில் செய்வதே எனக்குச் சுகமாகப் பட்டது. "மேனேஜ்", "மியூசிக் லைப்ரரி செட்டிங்ஸ்". அங்கே பழைய விலாசம் இருந்தால் அதை முதலில் நீக்குங்கள். பிறகு "ஆட்" அழுத்தினால் மூன்று தெரிவுகள் வரும். உங்கள் மியூசிக் ஃபோல்டர் என்றும், இந்தக் கணினியின் வேறொரு ஃபோல்டர் என்றும் முதல் இரண்டு இருக்கும். பாட்டு இதே கணினியில் இருந்தாலும் அவற்றை எடுக்காமல் மூன்றாவதை, அதாவது நெட்வொர்க்கில் உள்ள கருவி என்பதை எடுங்கள். அப்போதுதான் நீங்கள் உருவாக்கிய பயனரும் விலாசமும் பாவனைக்கு வரும்.

விலாசம் எழுதும் முறை: இரண்டு பின்சாய்கோடு, கணினியின் ஐபி எண், ஒரு பின்சாய்கோடு, பகிர்ந்த ஃபோல்டரின் பெயர். இடைவெளி எங்கும் கூடாது. தொடக்கம் இப்படி இருக்கும்: \\192.168.1.20\ . அதற்குப் பிறகு ஃபோல்டர் பெயர். கணினியின் பெயரைப் போடவும் இடம் உண்டு, ஆனால் ஐந்தாம் படியில் எண்ணை நிரந்தரமாக்கியவர்களுக்கு எண்ணே நம்பகமானது.

அட்டவணை போட நேரம் எடுக்கும். சில நூறு பாட்டு என்றால் கெதியாக முடியும், ஆயிரக்கணக்கில் இருந்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இடையில் கரண்ட் போனால் திரும்பத் தொடங்குங்கள். சோனோஸ் அட்டவணையின் எல்லை 65,000 பாட்டுகள். நீண்ட டேக் (பைலுக்குள் எழுதியிருக்கும் பாட்டு, கலைஞர், ஆல்பப் பெயர்கள்) உள்ள பைல்கள் நிறைய இருந்தால் அதற்கு முன்னரே நிறைந்துவிடவும் கூடும்.

9. சில பாட்டு மட்டும் வரவில்லையா?

கசெட்டை மாற்றிக் கொடுக்கிறவர்கள் "உயர்ந்த தரம்" என்று 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து தருவதுண்டு. சோனோஸ் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வாசிக்காது. கசெட்டுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தாராளம். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் நீங்களே மாற்றலாம்.

அளவுக் கணக்கு இது. சுருக்காத வேவ் பைல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600 எம்பி. தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் அதில் பாதியளவு. உயர்தர எம்பி3 ஏறக்குறைய 145 எம்பி. திரும்பப் பதிய முடியாத கச்சேரிகளை ஃபிளாக்கில் வையுங்கள். ஒரு டெராபைட் டிஸ்க்கில் அப்படி மூவாயிரம் மணி நேரம் கிடக்கும். ஐடியூன்ஸில் ஒரு காலத்தில் வாங்கிய பூட்டுப் போட்ட பைல்கள் எதுவும் பாடாது.

10. தமிழ்ப் பெயர்கள்

லைப்ரரி வந்துவிட்டது, ஆனால் பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக நிற்கின்றன என்றால் அது பாமினி. எங்கள் ஊரில் பழைய சீடிகளின் பாட்டுப் பெயர்களைப் பலர் பாமினி எழுத்துருவில்தான் அடித்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வாசிக்க முடியாத வரிசையாகத் தெரியும். பெயரைப் பிரதி எடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இணையப் பக்கம் ஒன்றில் ஒட்டி மாற்றி, எம்பி3டேக் என்ற மென்பொருளில் திரும்ப இடுங்கள். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் காரணம் வேறு: தமிழைத் தாங்காத பழைய ஐடி3 முதலாம் பதிப்பு டேக் பைலுக்குள் இருக்கிறது. அதை அழித்துவிட்டு 2.3 பதிப்பை யுடிஎஃப்-16 ஆகச் சேமியுங்கள்.

கலைஞர் பெயரை ஒரே விதமாக எழுதுவது இதைவிட முக்கியம். "என்.கே. பத்மநாதன்" என்று ஒட்டியும், "என். கே. பத்மநாதன்" என்று இடைவெளி விட்டும், வெறும் "பத்மநாதன்" என்றும் எழுதியிருந்தால் ஸ்பீக்கருக்கு அவர்கள் மூன்று பேர். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த கச்சேரியில் "ஆல்பம் ஆர்டிஸ்ட்" இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயரை இடுங்கள், மற்றவர்களை "ஆர்டிஸ்ட்" இடத்தில் போடலாம். அப்படிச் செய்யாவிட்டால் ஒரு கச்சேரி துண்டு துண்டாகப் பல ஆல்பமாகிவிடும். எங்கள் வீட்டில் இந்த வேலைக்குத்தான் அதிக நாள் போனது. ஆல்பத்தின் பெயரில் கோயிலையும் ஆண்டையும் சேர்த்து எழுதினோம். அம்மாவுக்குப் பாடகர் பெயரைவிடக் கோயில் பெயரே ஞாபகத்தில் நிற்கிறது, அவரே இப்போது தேடி எடுக்கிறார்.

திருத்தி முடிந்ததும் "அப்டேட் மியூசிக் லைப்ரரி நௌ" அழுத்துங்கள். நாளாந்தம் தானாகப் புதுப்பிக்கும் நேரத்தையும் அங்கேயே வைக்கலாம்.

11. செலவு

மென்பொருள் எல்லாம் இலவசம். டிஸ்க் ஒன்று, தேவைப்பட்டால் கேபிள் ஒன்று. மற்றது கரண்ட். 20 வாட் எடுக்கும் மடிக்கணினியை இரவு பகலாக விட்டால் மாதம் ஏறக்குறைய 14 யூனிட் போகும். மின்சாரக் கட்டணம் படிநிலைக் கணக்கு என்பதால் அந்தப் 14 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளக்கூடும், பில்லை எடுத்து வடிவாகப் பாருங்கள். 5 வாட் எடுக்கும் ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினி என்றால் மாதம் 3.6 யூனிட்தான். அதில் சாம்பா என்ற இலவச மென்பொருளை நிறுவினால் பகிர்வு இயல்பாகவே எஸ்எம்பி இரண்டிலிருந்து தொடங்கும், எஸ்2 க்குப் பொருத்தம்.

மறுபக்கம் டேட்டா மிச்சம். சொந்தப் பாட்டு வீட்டு வலைக்குள்ளேயே ஓடுவதால் இணையப் பொதியில் கை வைக்காது. உயர்தர ஸ்ட்ரீமிங் நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் மாதம் 13 ஜிபி. 4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீட்டுக்கு அது சின்னத் தொகையல்ல.

12. எஸ்1 வைத்திருப்பவர்களுக்கு

உங்களுக்கு எஸ்எம்பி முதலாம் பதிப்புத்தான் வேண்டும். புதிய விண்டோஸில் அது பாதுகாப்புக் காரணத்தால் நிறுத்தப்பட்டிருக்கும். வங்கிக் கணக்குப் பார்க்கிற கணினியில் அதைத் திரும்பத் திறக்காதீர்கள். மேலே சொன்ன யுஎஸ்பி ரவுட்டர் வழி உங்களுக்குக் கைகொடுக்கலாம். இல்லாவிட்டால் பாட்டு மட்டும் இருக்கிற ஒரு ராஸ்பெரி பையில், வாசிக்கும் அனுமதியோடு மட்டும், முதலாம் பதிப்பைத் திறந்து விடுங்கள். எஸ்1 இல் 24 பிட் பைல்கள் பாடாது, 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.